பிஸ்கட் டின்னில் காய்ந்த ரொட்டி

அத்தியாயம் பதினொன்று

வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்ட மனுஷனுக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது? ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள், ரொட்டி என்று.

காய்ச்சல் வந்தால் ரொட்டி. பல்லைப் பிடுங்கினால் ரொட்டி. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போனால் கக்கத்தில் ஒரு ரொட்டி. நம்மவர்களுக்கு அது சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை, மருந்தில் சேர்த்தி. ரோசரியும் அப்படித்தான் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? அவள்மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு அவளே தன்மேல் போட்டுக்கொள்ளப் போகிற பழி போதும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக, இதுவரை நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க இந்த மலாய் மண்ணில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி வந்து நாலாவது வருஷம். ராசா என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாகிவிட்டது. அரிசி அளந்துதான் கிடைக்கும். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்விடக் கூடாது என்று, பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் மத்தியானச் சோற்றைக் கொண்டுபோகவும் தடை. கேட்டில் ஆள்ஆளாகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பால் போடாத, சீனி போடாத கறுப்புத் தேத்தண்ணி மட்டும் போகலாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் ரோசரியின் புருஷன் காப்ரியலுக்கு வயிற்றுப் புண் வெடித்து ரத்தமாக வாந்தி வந்தது. கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, உயிரைக் கொடுத்து அனுப்பினார்கள். கூடவே ஓர் இங்கிலீஷ் காகிதம். மெத்தென்ற ஆகாரம், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை என்று அதில் எழுதியிருந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் நல்லசாமி அதைப் படித்துவிட்டு, அப்படியானால் ரொட்டிதான் என்று முடிவு கட்டினார். ரோசரி மூன்று வாரம் அவர் வாசலில் போய் நின்று, நோயாளிச் சீட்டு வாங்கினாள். தினமும் அரை ரொட்டி. அதற்குப் பதிலாகக் காப்ரியலின் அரிசியில் பாதி வெட்டு.

அந்த ரொட்டிதான் அவனுக்கு ஆகவில்லை. போன வாரம் புகைக்கொட்டகையில் நாம் பார்த்தோமே. மெத்தென்ற ரொட்டி உள்ளே போனதும் உருண்டையாகத் திரண்டு நெஞ்சுக்குக் கீழே நின்றுகொள்ளும். வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில் நுரையோடு திரும்பி வரும். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடுகிற லேசான வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் ஷீட்டு தொங்கும் கழிமேல் மறந்து வைத்த ஒரு துண்டு மறுநாள் மொறுமொறு என்று காய்ந்து கிடந்தது. கடித்தான், தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான். போனது. போனது அங்கேயே இருந்தது. அன்றிலிருந்து மனைவி நறுக்கி வைக்கிற ரொட்டியை வயிற்றுக்கட்டுத் துணிக்குள் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி, கொட்டகையில் காயப்போட்டு, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்து, இரண்டு மணிக்கு ஒருதரம் ஒரு துண்டாகத் தின்கிறான். கேட்டில் நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேறு யாருமில்லை, சொந்தத் தம்பி ஆர்தர். அண்ணனின் தையல் போட்ட வயிற்றில் அவன் கை வைப்பதில்லை.

ரோசரிக்கு இது எதுவும் தெரியாது. சொன்னால் அவள் மூன்று வாரம் கால் கடுக்க நின்றது வீண் என்றாகிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நோயாளிச் சாப்பாடே இவனுக்குச் சேரவில்லை என்று டிரெஸ்ஸர் எழுதிவிட்டால், வேலையாள் பதிவேடான செக்ரோலில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும். வருகிற திங்கட்கிழமை மேனேஜர் துரை காப்ரியல் விஷயத்தை முடிவு செய்யப் போகிறார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

இன்றைக்கு வியாழன்.

*

விடிவதற்கு முன்னால் ரோசரி எழுந்து ரொட்டியை நறுக்கினாள். அவளுடைய கத்தியின் நுனிக்கருகே ஒரு பல் உடைந்திருந்தது. எதை நறுக்கினாலும் ஓரத்தில் சின்னதாக ஒரு பிசிறு விழும். ஐந்து துண்டு. தட்டில் அடுக்கி, மாதா படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துக் காப்ரியலின் முன் வைத்தாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் தைத்த சட்டை அவன் தோளில் சரியாக நிற்காமல் ஒருபக்கமாக இறங்கிக் கிடந்தது. அந்தத் தோளைப் பார்க்கும்போதெல்லாம் ரோசரி சட்டையை இழுத்துச் சரிசெய்வாள். இவ்வளவு ரொட்டி தின்றும் உடம்பில் ஒட்டவில்லையே என்று அவளுக்கு ஆதங்கம். டிரெஸ்ஸரிடம் கேட்டு முக்கால் ரொட்டியாக ஆக்கிவிட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள்.

"மிச்சம் வைக்காம சாப்பிடுங்க. திங்கக்கெழம தொரை முன்னால நிமிந்து நிக்கணும்."

"சாப்பிட்டுர்றேன், நீ பெரட்டுக்குக் கெளம்பு."

பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது. பிந்தினால், வேலை வாங்குகிற மண்டோர் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். ரோசரி வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். தினமும் இப்படித்தான். அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் அவன் சாப்பிடுவான். வந்து பார்த்தால் தட்டு சுத்தமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் எதிரிலேயே இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று லயத்துக்குப் பின்னால் போவான். நல்ல பழக்கம் என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொள்வாள். பாவி மகள், பின்னாலேயே ஒருநாள் போய்ப் பார்த்திருக்கக் கூடாதா?

*

பத்து மணி சுமாருக்கு ரோசரி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். மர நிரைக்கு நடுவில் தாயம்மா வருவது தெரிந்தது. கேட்டில் பெண்களைச் சோதிப்பதற்கென்று போட்டிருக்கிற ஆள் அவள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். கேட்டை விட்டு அவள் தீம்பாருக்குள், மரக்காட்டுக்குள், வருவதே அபூர்வம்.

ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்றாள் தாயம்மா. யார் என்று கேட்டதற்குப் பெரிய கிராணி சொல்லிவிட்டார் என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு வாளியைத் தான் வாங்கிக்கொண்டு, போய்ப் பாருக்கா என்று மட்டும் சொன்னாள். முகத்தைக் கொடுக்கவே இல்லை.

ரோசரிக்குத் திங்கட்கிழமைதான் ஞாபகம் வந்தது. சரி, முன்கூட்டியே விசாரிக்கிறார்கள் போலிருக்கிறது. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். அவர் நன்றாகத் தேறிவிட்டார், நன்றாகச் சாப்பிடுகிறார், இன்னும் இரண்டு மாதத்தில் பழையபடி மரமே வெட்டுவார். கேட்டில் ஆர்தர் நின்றிருந்தான். எப்போதும், என்ன அண்ணி என்று ஒரு வார்த்தையாவது பேசுகிறவன் இன்று துப்பாக்கியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றான். வேலை நேரத்தில் கண்டிப்பாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

ஆபீஸ் வாசலில் ஒரு போலீஸ் லோரி நின்றது. பக்கத்தில் ஒரு ஜீப். அதைப் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை. போலீஸ் லோரி வராத நாள் அப்போது எது?

உள்ளே மேனேஜரின் நாற்காலியில் டவுனிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, வெயிலில் சிவந்த கழுத்து. மேசைமேல் எதையோ ஒரு நியூஸ்பேப்பரால் மூடி வைத்திருந்தார்கள். ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணி பெர்னாட் பக்கத்தில் நின்றார். இன்ஸ்பெக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதும், ரோசரி சொல்வதை இங்கிலீஷில் சொல்வதும் அவர் வேலை. ராசா கோவிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கேட்கிறவர்தான். ஆனால் ஆபீசுக்குள் அவர் கிராணி.

உன் புருஷன் உடம்பு எப்படி என்று முதல் கேள்வி வந்தது. ரோசரிக்கு உயிர் வந்தது. நினைத்தபடியேதான் கேட்கிறார்கள். நல்லா தேறிட்டாருங்க தொரை என்றாள்.

சீட்டு ரொட்டியை யார் சாப்பிடுகிறார்கள் என்று அடுத்த கேள்வி.

பெர்னாட் அதைச் சொல்லிவிட்டு, "யோசிச்சுச் சொல்லும்மா" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அவர் அதற்குமேல் சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோசரி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். ரொட்டியை நான் தின்கிறேன், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறேன் என்று எவளோ கோள் மூட்டியிருக்கிறாள், அதுதான் கிராணி ஜாடை காட்டுகிறார் என்று நினைத்தாள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அவருதாங்க சாப்பிடுறாரு. அஞ்சு துண்டும் அவருதான். ஒரு தூள்கூட மிச்சம் வைக்க மாட்டாரு. இன்னைக்குக் காலையிலகூட அப்படித்தான். மாதா மேல ஆணை."

வயிற்றில் தங்குகிறதா, தொந்தரவு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஒரு தொந்தரவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னாலேயே சாப்பிடுகிறார் என்றாள். பெர்னாட் மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதினார். காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள் ரோசரி. விரல் நாட்டாமல், பேரை எழுத்துக்கூட்டி அழகாக எழுதிக் கொடுத்தாள். செக்ரோலில் புருஷன் பேர் நின்றுவிட்டது என்று அந்த நிமிஷம் அவள் மனசு நிறைந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நியூஸ்பேப்பரை எடுத்தார்.

அடியில் ஐந்து ரொட்டித் துண்டுகள் இருந்தன. மெத்தென்று, காலையில் நறுக்கின ஈரம் போகாமல். பக்கத்தில் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்தார்கள். டின் நிறையக் காய்ந்த ரொட்டி, புகை ஏறிப் பழுப்பாக. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தச் சின்னப் பிசிறு.

கத்தியின் உடைந்த பல் விட்ட தடத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

*

பக்கத்து அறையிலிருந்து காப்ரியலைக் கூட்டி வந்தார்கள். கையில் விலங்கு. விடிந்ததும் வேலிக்கு வெளியே இருக்கிற கட்டடங்களைச் சோதனை போட்டபோது, கொட்டகையில் கழிமேல் ரொட்டியை விரித்துக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள். அவன் காலையிலிருந்து சொன்னதையே திருப்பிச் சொல்கிறான். ஈர ரொட்டி எனக்கு நிற்காது, காய்ந்தால்தான் நிற்கும், எல்லாம் நான் தின்பதற்குத்தான்.

இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. கணக்கு வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாக விளக்கினார். டிரெஸ்ஸரின் வாராந்தர நோட்டில் ரொட்டி நன்றாகச் சாப்பிடுகிறார் என்று இருக்கிறது. மனைவி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், காலையில் ஐந்து துண்டும் சாப்பிட்டார் என்று. அந்த ஐந்து துண்டு மேசைமேல் இருக்கிறது. கெட்டுப்போகாதபடி காயவைத்து, வேலிக்கு வெளியே, காட்டோரத்தில், டின்னில் ஒளித்த ரொட்டி வேறு யாருக்கு?

இன்னொன்றும் கேட்டார். கேட்டில் சோதனை உண்டே, எப்படி வெளியே வந்தது?

காப்ரியல் வாயைத் திறக்கவில்லை. பெர்னாட் இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். வயிற்றுக்கட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால், அதைத் தடவிப் பார்க்காதது யார் என்று அடுத்த கேள்வி வரும். ஆர்தருக்கு இருபத்திரண்டு வயசு. கேட்டில் நிற்பவன் உணவை விட்டுவிட்டால் அவனுக்கும் ஜெயில்தான். காலையில் கேட்டில் நின்றது இவனுடைய தம்பி என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. பெர்னாட்டுக்குத் தெரியும். அவர் அதை மொழிபெயர்க்கவில்லை.

ரோசரிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை நடை, சுத்தமான தட்டு, இறங்கிப் போகிற தோள். தான் இப்போது போட்ட கையெழுத்தும்.

"இல்லீங்க தொரை, நான் தப்பாச் சொல்லிட்டேன். அவருக்கு ரொட்டி ஆகாதுங்க. பேர வெட்டிருவாங்களோன்னு பயந்து சொன்னேன்."

முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நியாயமான கேள்விதான். அவள் மேசைமேல் இருந்த துண்டுகளைக் காட்டினாள்.

"இப்பவே ஒண்ணு குடுத்துப் பாருங்க. உங்க கண்ணு முன்னால திரும்பி வரும். வரலைன்னா என்னையும் சேத்துக் கொண்டுபோங்க."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் காப்ரியலிடம் நீட்டினார். விலங்கோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவன் கடித்தான்.

தண்ணீர் கொடுக்கவில்லை. அவன் நிதானமாக மென்றான், விழுங்கினான், மறுபடி கடித்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்திருக்கிறாள் ரோசரி. இன்றுதான் உண்மையில் பார்த்தாள். கட்டைவிரல் விலா எலும்புக்கு அடியில் அழுந்தி நிற்கிறது. காதோரம் வியர்வை முத்துமுத்தாக இறங்குகிறது. கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கிறது. இதை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ருசித்துச் சாப்பிடுகிறார் என்று நினைத்தாளே. அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. அவன் முகம் சாம்பல் பூத்துவிட்டது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. ஆனால் வாய் இறுக மூடியே இருந்தது. ரத்த வாந்திக்கும் கத்திக்கும் தப்பி வந்த புருஷனுக்கு உடம்புக்கு முடியாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. ரோசரி வேண்டிக்கொண்டாள். மாதாவே, அவர் வாந்தி எடுக்கட்டும்.

"எடுங்க. என்னப் பாக்காதீங்க. எடுத்துருங்க."

"வரலியே ரோசரி" என்றான் அவன். பல்லுக்கு இடையில் வந்த குரல். பொய் இல்லை. இரண்டு மாதமாக அவள் எதிரில் அடக்கி அடக்கி, அவள் இருக்கிற இடத்தில் வயிறு திறக்க மறுத்தது.

கால் மணி ஆனதும் இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். சாப்பிட்டான், தங்கிவிட்டது, வியர்க்கிறது, அது பயம். அவர் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். காட்டுக்கு உணவு அனுப்பியதாகக் கேஸ். ஜெயில், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல் என்று பெர்னாட் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை தரையில் இருந்தது. இந்தியாவில் எந்த ஊருக்கு? காப்ரியல் பிறந்தது ராசாவில். அவன் கப்பலையே பார்த்ததில்லை.

*

ஜீப் முன்னால் போய்விட்டது. டின்னும் கையெழுத்துப் போட்ட காகிதமும் அதில் போயின. லோரியின் பின்பக்கம் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் காப்ரியல் உட்கார்ந்திருந்தான். ரோசரி பக்கவாட்டில் ஓடினாள். கேட்டுக்கு வந்ததும், குறுக்குக் கம்பத்தைத் தூக்குவதற்காக லோரி நின்றது.

ஆர்தர் கம்பத்துக் கயிற்றைப் பிடித்திருந்தான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்ரியல் தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்று. பிறகு திரும்பி ரோசரியைப் பார்த்தான். அவன் ஏதோ சொல்ல வந்து வாயைத் திறந்ததுதான் தெரியும்.

லோரிப் பலகைமேல் குப்புற விழுந்து வாந்தி எடுத்தான். நுரையும் எச்சிலும், நடுவில் கரையாத ரொட்டி, உருட்டின மாவு மாதிரி முழுசாக. செம்மண் ரோட்டில் விழுந்தது. மறுபடி வந்தது. கூட இருந்த போலீஸ்காரன் மலாயில் திட்டிக்கொண்டே காலை இழுத்துக்கொண்டான். ஒரு நிமிஷம் முன்னால், ஜீப் இருக்கும்போது வந்திருக்கக் கூடாதா?

நிறுத்துங்கள், பாருங்கள், தொரையைக் கூப்பிடுங்கள் என்று ரோசரி அலறியதை லோரி டிரைவர் காதில் வாங்கவில்லை. கம்பம் மேலே போயிற்று. லோரி போயிற்று. கம்பம் கீழே இறங்கியது.

ரோசரி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ரோட்டில் விரித்தாள். குனிந்து, இரண்டு கையாலும் அந்த ரொட்டியை மண்ணோடு அள்ளித் துணியில் போட்டாள். தாயம்மா, ஐயோ அக்கா என்று ஓடி வந்தவள், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள். ரோசரி நாலு முனையையும் சேர்த்து முடிந்தாள். போலீஸ் ஸ்டேஷன் ஒன்பது கட்டை, அதாவது ஒன்பது மைல் தூரம். நடந்தால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். இதை அந்த மேசைமேல் வைத்தால் போதும், இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்க்கட்டும்.

கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தெறப்பா."

ஆர்தர் துணி முடிச்சைப் பார்த்தான். பயலுக்கு அழக்கூடத் தெரியவில்லை, சட்டம்தான் வாயில் வந்தது.

"அண்ணி, சாப்பாடு எதுவும் கேட்டத் தாண்டக் கூடாது லா."

தாயம்மாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. ரோசரி கோபப்படவில்லை. அந்த வார்த்தையிலேயே அவளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. தினமும் ஐந்து துண்டு இந்தக் கேட்டைத் தாண்டியிருக்கிறது. நிற்பவன் இவன். புருஷன் மூன்று தடவை கேட்டும் வாய் திறக்காதது இவனுக்காக.

"ஒனக்குத் தெரியும்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். லயத்துக்குப் பின்னால் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்ததையும், ரோசரிக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள், சொல்லாதே என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதையும் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் அந்தத் தையலைப் பார்த்த பிறகு தன்னால் அந்தக் கட்டைத் தொட முடியவில்லை என்றான். ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தான்.

ரோசரி முழுக்கக் கேட்டாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. துணியிலிருந்து ஈரம் சொட்டி அவள் கால் விரலில் விழுந்தது.

"இத எங்கிட்டச் சொல்லி என்னப்பா பிரயோஜனம்? துப்பாக்கிய தாயம்மாகிட்டக் குடுத்துட்டு எங்கூட வா. ஒன்பது கட்டையும் சேந்தே நடப்போம். நான் இதக் காட்டுறேன். நீ வாயால சொல்லு."

ஆர்தரின் கை கயிற்றின்மேல் இருந்தது. அவன் டவுன் ரோட்டைப் பார்த்தான், லோரி கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. அவளைப் பார்த்தான். கயிறு அசையவில்லை, அவள் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.